பெட்டியை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் போதும், டிஷ் வைத்த வீடுகளில் ‘நோ சிக்னல்’ என்ற வாசகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடையில் கேட்டால் செட்டாப் பெட்டி போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி மாட்டினாலும் பல வீடுகளில் அதே வாசகம்தான். இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இந்த ஒரே வாசகத்தைக் காட்டுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். வானிலிருந்து வரும் அலை பெட்டிக்குள் வந்து சேராதது ஒன்று. வந்து சேர்ந்த அலையைப் பெட்டியால் படிக்க முடியாதது மற்றொன்று. முதல் கோளாறுக்குப் பெட்டியை மாற்றுவதும் வீண், இரண்டாவதற்கு டிஷ்ஷைத் திருப்புவதும் வீண். எது என்று பிரித்துப் பார்க்கப் பெரும்பாலும் கையில் இருக்கும் ரிமோட்டே போதும். இதை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில், ‘நோ சிக்னல்’ என்று காட்டுவது டிவியா, பெட்டியா என்று பாருங்கள். பெட்டியின் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு திரையில் வந்தால் டிவியும் எச்டிஎம்ஐ கேபிளும் சரி, பெட்டிக்கும் உயிர் இருக்கிறது. மெனுவே வராவிட்டால் மாடிக்கு ஏறவே வேண்டாம். டிவி வேறு எச்டிஎம்ஐ இணைப்புக்கு மாறியிருக்கும், அல்லது பெட்டியின் அடாப்டர் செத்திருக்கும்.

மெனு வந்துவிட்டதா? செட்டப் அல்லது இன்ஸ்டலேஷன் பகுதிக்குள் போனால் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் தெரியும். இவற்றைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக வரும் மொத்த அலையின் அளவு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவிதான் எல்என்பி. அது தானாக உண்டாக்கும் இரைச்சலும் அதில் சேர்த்தி. அதனால் டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரெங்த் பட்டை பாதிக்கு மேல் நிற்கும். செயற்கைக்கோள் பிடிபட்டதற்குச் சாட்சி குவாலிட்டி மட்டும்தான். ‘ஸ்ட்ரெங்த் நல்லாத்தானே இருக்கு, அப்ப பெட்டிதான் கோளாறு’ என்று சொல்பவர் தொழில்காரராகவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

இரண்டு பட்டையும் பூஜ்யத்தில் கிடந்தால் எல்என்பிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. எல்என்பிக்குத் தனியாக மின் இணைப்பு கிடையாது. பெட்டியே அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் வெர்ட்டிகல் (செங்குத்தாக அதிரும்) அலையும், 18 போனால் ஹரிசாண்டல் (கிடையாக அதிரும்) அலையும் கிடைக்கும். மெனுவில் எல்என்பி பவர் ‘ஆன்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் எல்என்பி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளக்கலாம். பெட்டியின் முதுகில் வரும் வோல்ட் மேலே வரவில்லை என்றால் கேபிள்தான் குற்றவாளி. பெட்டியின் முதுகிலேயே வரவில்லை என்றால் பெட்டியோ அடாப்டரோ.

டிஷ் கேபிளை மாட்டியதும் பெட்டி அணைந்து அணைந்து எரிகிறது, கழற்றினால் ஒழுங்காக ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். ஒன்று கேபிளிலோ எல்என்பியிலோ ஷார்ட், இல்லையென்றால் அடாப்டர் சக்தியிழந்துவிட்டது. 12 வோல்ட், ஒன்றரை ஆம்பியர் அடாப்டர் ஒன்றை அடுத்த வீட்டில் வாங்கிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் பின்னின் நேர்-எதிர் முனையும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டர் பத்து இருபது ரூபாய்ச் சாமான். மழைக்காலத் தொல்லைகளில் பெரும்பங்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு எல்என்பி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று, கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் குட்டையானால் எல்என்பிக்குள் சரியாகத் தொடாது. காற்றடித்தால் படம் போகும், கேபிளைத் தட்டினால் வரும். கம்பி கறுத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். சுற்றியுள்ள வலைக்கம்பியில் ஒரு மயிரிழை பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான்.

அழுகிய முனையை ஐந்தாறு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். வெட்டிய இடத்திலும் வலைக்கம்பி கறுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். ஓரடிக்கு மேல் வெட்டியும் கறுப்பு போகவில்லை என்றால் கேபிளையே மாற்றுவதுதான் வழி. அதில் எத்தனை கனெக்டர் மாற்றினாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். புதிதாக மாட்டும்போது எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு தொங்கலாக விட்டு மேலே ஏற்றுங்கள். கேபிள் வழியே ஓடிவரும் மழைநீர் தொங்கலின் அடியில் சொட்டிப் போய்விடும், இணைப்புக்குள் போகாது. சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே பசைவிட்டுப் பிரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் ரப்பர்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் கடைகளில் கிடைக்கிறது, அதைச் சுற்றுங்கள். எல்என்பி தலையில் பாலிதீன் கவரைக் கட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். உள்ளே வியர்வை கட்டும், கவரின் மேல் படியும் நீர்ப்படலம் வரும் அலையையும் தின்றுவிடும். எல்என்பியின் வெள்ளை மூடியில் வெடிப்பு விட்டிருந்தாலோ உள்ளே குளவி கூடு கட்டியிருந்தாலோ அந்த எல்என்பியை மாற்றுவதே நல்லது.

கேபிள் ஆர்ஜி-6 என்ற வகையாக இருக்க வேண்டும். 100 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள் 1 ஜிகாஹெர்ட்ஸ் அருகே அலையின் வலுவில் சுமார் 20 டெசிபெலை விழுங்கும், 2 ஜிகாஹெர்ட்ஸ் அருகே 30ஐ நெருங்கும். ஆகவே 30 மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மலிவான கேபிள்களில் நடுக்கம்பி இரும்பு, மேலே செம்புப்பூச்சு மட்டும். நீளமாக ஓட்டினால் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து எல்என்பியை அடையும்போது குறைந்துபோகும். வெர்ட்டிகலில் வரும் சேனல்கள் தெளிவாக வந்து, ஹரிசாண்டல் சேனல்கள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போனால் இதைச் சந்தேகப்படுங்கள். இன்னொரு தவறும் நடக்கிறது. பழைய கேபிள் டிவி ஸ்பிளிட்டரை டிஷ் கேபிளில் போட்டு இரண்டு டிவிக்குப் பிரிக்கிறார்கள். அதன் முதுகில் 5-1000 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். டிஷ் கேபிளில் ஓடும் அலையோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. சரியான ஸ்பிளிட்டரே போட்டாலும் ஒரு பெட்டி 13 வோல்ட் கேட்கும்போது இன்னொன்று 18 கேட்டால் சண்டைதான். இரண்டு பெட்டிக்கு இரண்டு வாய் உள்ள ட்வின் எல்என்பியும் இரண்டு கேபிளும் வேண்டும்.

ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி மட்டும் பூஜ்யமானால் டிஷ்ஷின் திசையைப் பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகை (டிகிரி) கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வடக்கை 0 என்று வைத்துக் கடிகாரச் சுற்றில் எண்ணினால் சென்னையில் அது 134 பாகைத் திசையில், 68 பாகை உயரத்தில் இருக்கிறது. கோவையில் 123 பாகை, உயரம் 67. மதுரையில் 122, நாகர்கோவிலில் 116, இரண்டு ஊரிலும் உயரம் ஏறத்தாழ 69. போன் காம்பஸை டிஷ் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரும்பு அதை இழுத்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று திசை குறித்துக்கொள்ளுங்கள். வீடுகளில் உள்ளது எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் தட்டு 68 பாகைக்கு மல்லாந்து கிடக்காது. கண்ணுக்கு 45 பாகை அளவில் சாய்ந்த மாதிரிதான் தெரியும். பிராக்கெட்டில் பொறித்திருக்கும் அளவுகோல் அந்த வித்தியாசத்தைச் சேர்த்தே போடப்பட்டது. ஆனால் குழாய் செங்குத்தாக நின்றால்தான் அந்த அளவுகோல் உண்மை சொல்லும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் குழாயின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

போல்ட்டை முழுசாகக் கழற்றாதீர்கள், தட்டு இறுக்கமாக நகரும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். அரை விரற்கடை நகர்த்தி, மூன்று முதல் ஐந்து விநாடி பொறுத்து, கீழே குவாலிட்டியைக் கேளுங்கள். பெட்டி அலையைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரமாகத் திருப்புகிறவர் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். நம் ஊர்களில் செயற்கைக்கோள் தலைக்கு மேலே உயரத்தில் நிற்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் தாராளம் உண்டு. மேல்-கீழ் அசைவில் அந்தத் தாராளம் இல்லை, இரண்டு பாகை தப்பினாலே படம் போய்விடும். பலர் பக்கவாட்டிலேயே அரை மணி நேரம் துழாவிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான், பிழை உயரத்தில் இருக்கும். கடைசியாக எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே மெல்லத் திருப்பிக் குவாலிட்டி உச்சிக்குப் போகும் இடத்தில் இறுக்குங்கள். இந்தக் கோணம் ஊருக்கு ஊர் மாறும், சென்னையில் பொருந்தியது நாகர்கோவிலில் பொருந்தாது.

எவ்வளவு சிறிய அசைவு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு 2010 ஜூலையே உதாரணம். 93.5 பாகையில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோள் மின்சக்திக் கோளாறில் பாதித் திறனை இழந்தது. சன் டைரக்ட் ஒளிபரப்பு 91.5 பாகையில் உள்ள மீசாட்-3க்கு மாற, வீட்டு டிஷ்களைக் கையால் திருப்ப வேண்டியதாயிற்று. சென்னைக்குக் கணக்குப் போட்டால் திசையில் 5 பாகை, உயரத்தில் ஒன்றரைப் பாகை. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பில் அது பக்கவாட்டில் இரண்டரை சென்டிமீட்டர்தான். புயல்காற்று ஒரு துருப்பிடித்த பிராக்கெட்டை அந்த அளவு தள்ளுவது சாதாரணம்.

மரம் மறைக்கிறது என்று தென்னையை வெட்டுமுன் ஒரு கணக்கு. 68 பாகை உயரம் என்றால் டிஷ்ஷிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்தால்தான் மறைக்கும். ஏர்டெலின் 108.2 பாகைச் செயற்கைக்கோள் சென்னையில் 54 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு 10 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் 14 மீட்டர் உயர்ந்தாலே போதும். பழைய டிஷ்ஷில் தெரிந்த படம் புது நிறுவனத்தில் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழை பெய்யும்போது படம் போவதைப் பழுது என்று எண்ணி டிஷ்ஷைத் தொடுகிறவர்கள் அதிகம். அது பழுதே அல்ல. இந்த அலைகளைக் கனமழைத் துளிகள் விழுங்குகின்றன. மழைத்துளிகள் இருக்கும் அடுக்கு நம் பகுதியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரம் வரை போகிறது. ஆகவே வீட்டுக்குத் தென்கிழக்கே 2 கிலோமீட்டருக்குள் கொட்டும் மழைகூடப் படத்தை நிறுத்தும், வீட்டு முற்றம் காய்ந்தே இருக்கும். மழை விட்டு அரை மணி நேரம் கழித்தும் வராவிட்டால்தான் கனெக்டரைப் பார்க்கப் போக வேண்டும். சிறு தூறலுக்கே படம் போகிறது என்றால் நல்ல வெயிலில் குவாலிட்டி எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். டிஷ் ஒரு பாகை தப்பியிருக்கும், அல்லது தட்டு வளைந்திருக்கும். தட்டின் மேல் துரு படிந்திருப்பதால் பெரிய நஷ்டமில்லை, வளைவும் பள்ளமும்தான் கெடுதல். ஈரக் கூரையில், மின்கம்பி பக்கத்தில், இடி இடிக்கும்போது ஏறாதீர்கள். எந்தச் சேனலும் அதற்கு ஈடில்லை.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் முற்பகல் 11 மணியையொட்டிச் சில நாள் தொடர்ந்து ஜிசாட்-15 சேனல்கள் சில நிமிடம் போய்வருவதும் பழுதில்லை. அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது, அதன் இரைச்சல் ஒளிபரப்பை மூடிவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்தால் தானே திரும்பும்.

இனி இரண்டாவது கோளாறு. இங்கேதான் பணம் வீணாகிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எம்பெக்-2 பழையது, எம்பெக்-4 புதியது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் எம்பெக்-2 முறையிலும் சில எம்பெக்-4 முறையிலும் வருகின்றன. எம்பெக்-2 மட்டும் படிக்கத் தெரிந்த பழைய பெட்டிக்குப் பின்னவை வராது. அலையில் ஏற்றி அனுப்பும் முறையிலும் பழையது டிவிபி-எஸ், புதியது டிவிபி-எஸ்2. டிவிபி-எஸ் மட்டும் தெரிந்த பெட்டி டிவிபி-எஸ்2 அலைவரிசையில் (பல சேனல்களைச் சுமந்துவரும் ஓர் அலை) குவாலிட்டியே காட்டாது, டிஷ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பூஜ்யம்தான். அலையைப் பிடிக்கிறது, ஆனால் படத்தின் முறை தெரியவில்லை என்றால் குவாலிட்டி நன்றாக இருக்கும், சேனல் பெயர் வரும், சில சமயம் சத்தம்கூட வரும், படம் மட்டும் வராது. இன்னும் புதிய சுருக்கு முறையான எச்இவிசி தெரியாத பெட்டியும் இதே மாதிரிதான். பூட்டிய சேனல் என்றால் ‘ஸ்க்ராம்பிள்ட்’ என்று வாசகம் வரும். வெர்ட்டிகலோ ஹரிசாண்டலோ, ஒரே வகையில் ஒரு அலைவரிசை நன்றாக வந்து பக்கத்து அலைவரிசை பூஜ்யத்தில் நின்றால், டிஷ்ஷைத் தொடுவதற்கு முன் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டி சரியாக இருந்து, ஒரு எண் தவறியதால் எதுவுமே வராத வீடுகளும் உண்டு. மெனுவில் எல்என்பி வகை ‘யுனிவர்சல் 9750/10600’ என்று இருக்க வேண்டும். எல்என்பி வேலை செய்வது கழித்தல் கணக்கில். 11,090 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையிலிருந்து 9,750ஐக் கழித்து 1,340 ஆக்கிக் கேபிளில் அனுப்புகிறது. மெனுவில் தவறுதலாக 10,600 மட்டும் என்று வைத்தால் பெட்டி 490இல் தேடும். பெட்டிக்குள் அலையைப் பிடிக்கும் ட்யூனரின் எல்லையோ 950இல்தான் தொடங்குகிறது. எத்தனை முறை ஸ்கேன் போட்டாலும் ஒன்றும் சிக்காது. டிஷ்ஷில் பல எல்என்பிகளை மாற்றும் சுவிட்ச் எதுவும் இல்லாவிட்டால், அதை இயக்கும் டைசெக் ‘ஆஃப்’, 22 கிலோஹெர்ட்ஸ் ‘ஆட்டோ’ என்று வைத்துவிடுங்கள். ஃப்ரீ டிஷ் இடங்கள் ஏலத்தில் போவதால் சேனல்கள் வரும், போகும், இடம் மாறும். பார்த்துக்கொண்டிருந்த ஒரு சேனல் மட்டும் திடீரென மறைந்தால் சிக்னல் கோளாறு என்று எண்ணாமல் ஒருமுறை புதிதாக ஸ்கேன் செய்து பாருங்கள்.

கட்டண நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்துக்குப் பயன்படுத்த முடியாது. கார்டும் பூட்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. ஆனால் டிஷ் தட்டும் குழாயும் நல்ல ஆர்ஜி-6 கேபிளும் எந்த நிறுவனத்துக்கும் உதவும். எல்என்பி சாதாரண யுனிவர்சல் வகை என்றால் அதுவும் உதவும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறுகிற வீட்டில் பழைய தட்டைத் திருப்பினாலே போதும். சன் டைரக்ட் 93.5, 91.5 இரண்டையும் பயன்படுத்துவதால், 93.5ஐப் பார்க்கும் தட்டாக இருந்தால் திருப்பவும் வேண்டாம். ‘முழு செட்’ வாங்கியே ஆக வேண்டும் என்பவரிடம், எந்தச் சாமான் ஏன் பொருந்தாது என்று கேளுங்கள்.

ஒரே பெட்டியில் எல்லா நிறுவனமும் பார்க்க வழி செய்ய வேண்டும் என்பது புதுக் கோரிக்கை அல்ல. 2001 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டிடிஎச் (வீட்டு டிஷ்ஷுக்கு நேரடி ஒளிபரப்பு) வழிகாட்டு நெறிமுறைகளிலேயே, பெட்டிகள் நிறுவனங்களுக்கிடையே மாற்றிப் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அதையே மறுபடி பரிந்துரைத்தது. டிவிக்குள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் வைப்பதற்கு ஐஎஸ் 18112 : 2022 என்ற இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட டிவியில் டிஷ் கேபிளை நேராகச் செருகி இலவசச் சேனல்களைப் பார்க்கலாம், பெட்டியே தேவையில்லை. புது டிவி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணப் பெட்டிகளிலோ கால் நூற்றாண்டாகியும் அந்த நிபந்தனை வீட்டுக்கு வந்து சேரவில்லை. நிறுவனம் மாறும் ஒவ்வொரு குடும்பமும் நல்ல பெட்டி ஒன்றைப் பரண்மேல் போடுகிறது. இது அநியாயம்.

அதுவரைக்குமாவது ஒரு சிறிய காரியம் நடக்கட்டும். தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு பெட்டியின் அட்டையிலும் அது டிவிபி-எஸ்2 படிக்குமா, எம்பெக்-4 படிக்குமா, எச்இவிசி படிக்குமா, டிடி ஃப்ரீ டிஷ்ஷின் ஐகேஸ் பூட்டைத் திறக்குமா என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். ‘எச்டி பெட்டி’ என்று மட்டும் எழுதி விற்பதால் வாங்குகிறவருக்கு ஒன்றும் புரிவதில்லை. பழைய எம்பெக்-2 பெட்டி வைத்திருப்பவர்களும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த முறையில் வரும் சேனல்கள் போதும் என்கிற வீட்டில் அது இன்னும் ஓடும்.

இப்படிக்கு,
டிஷ் பொருத்தும் தொழிலாளர்,
நாகர்கோவில்